நல்லதண்ணிக் கிணற்றடியில் தொடங்கியது

அக்கா,

இன்று காலை சுகாதாரப் பகுதியிலிருந்து வந்தவர்கள் எங்கள் கிணற்றுக்குக் குளோரின் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த நெடி அடுப்படிவரை வந்தது. தேத்தண்ணிக்கு வைத்த கேத்திலை இறக்கிவிட்டு அப்படியே இருந்துவிட்டேன்.

எண்பத்து நாலில் நம் ஊர் நல்லதண்ணிக் கிணற்றுக்கும் இதே மருந்தைப் போடுவித்தார்கள். நீங்கள் செல்லம்மாவிடம் வாளிக் கயிற்றைக் கொடுத்த மறுநாள் அது. தீட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். கிருமி என்றார்கள்.

மற்றக் கிணறுகளெல்லாம் உவர். அந்தக் கிணற்றைத் தொடக்கூடாத செல்லம்மாவின் ஆட்கள் குடத்தோடு ஒதுங்கி நிற்க, நம்மில் யாராவது மனம்வைத்து அள்ளி ஊற்ற வேண்டும். கணவரை இழந்து தனியாக இருந்த நீங்கள்தான் ஒருநாள் கயிற்றை நீட்டினீர்கள்.

"நீரே அள்ளும், செல்லம்மா."

அவரை நம் பக்கத்தில் ஒருவர் 'நீ' என்னாமல் மரியாதையாக 'நீர்' என்று அழைத்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

கூட்டுறவுக் கடை மனேச்சர் உங்கள் வாசல் படலையடியில் நின்று சத்தம் போட்டார். ஊரில் யாரும் உங்களோடு கதைக்கவில்லை. நீங்களோ நாள்தோறும் செல்லம்மாவோடு கிணற்றடிக்குப் போனீர்கள். பக்கத்து வளவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நானும் பிறகு உங்களோடு சேர்ந்துகொண்டேன்.

"ஒருத்தி செய்தால் விசர், பைத்தியம் எண்டுவினம்," என்றீர்கள். "ரெண்டு பேர் செய்தால் திமிர் எண்டுவினம். நாலு பேர் செய்யட்டும், உதுதான் ஊர் வழக்கம் எண்டு அவையே சொல்லுவினம்."

அப்படித்தான் நடந்தது. அடுத்த கோடையில் மனேச்சரின் மனைவியே செல்லம்மாவுக்குப் பின்னால் குடத்தோடு வரிசையில் நின்றார். யாரும் கூட்டம் கூட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறினார்கள். மனிதர்கள் இப்படித்தான் நல்லவர்களாகிறார்கள் என்று நான் நம்பினேன். அதே வழியால் பயமும் வரும் என்று நாம் யோசிக்கவில்லை.

பிறகு ஆயுதம் வைத்திருந்தவர்களின் காலம் வந்தது. செல்லம்மாவின் மகனை வாசிகசாலைக்கு முன்னால் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். துரோகி என்று எழுதிய மட்டை கழுத்தில் தொங்கியது. அவன் என்ன செய்தான் என்று எவருக்கும் தெரியாது. முதலில் "பாவம்" என்ற ஊர், பொழுதுபடுவதற்குள் "ஏதோ செய்திருப்பான்" என்றது. செத்தவீட்டுக்குப் போகாதே என்று எவரும் கட்டளையிடவில்லை. ஒரு படலை சாத்தியதைப் பார்த்து அடுத்த படலை சாத்திக்கொண்டது.

என்னையும் கூட்டிக்கொண்டு மனேச்சர் வீட்டுக்குப் போனீர்கள்.

"பாடை தூக்க ஆம்பிளையள் வேணும், அண்ணை."

"விளங்குது தங்கச்சி. மற்றவை வந்தால் நானும் வாறன்."

எல்லா வீட்டிலும் அதே மறுமொழி. எல்லோருக்கும் யாரோ மற்றவர்கள் இருந்தார்கள்.

பெண்கள் சுடலைக்குப் போகாத ஊரில், நாம் மூவரும் அவனைத் தள்ளுவண்டிலில் கொண்டுபோனோம். செல்லம்மா அழவில்லை. வண்டில் சில்லு மணலில் புதைந்த இடங்களில் மட்டும், பிள்ளைக்கு நோகும் என்பதுபோல, "பாத்து, பாத்து" என்றார்.

அந்த மாதமே அதே ஆயுதக்காரர் உங்களை விசாரணைக்கென்று கூட்டிப்போக வந்தார்கள். "உலையைப் பாத்துக்கொள், வந்திடுவன்," என்றீர்கள். சோறு வெந்து, ஆறி, புளித்தும் போனது. ஊர் திரண்டு வந்து கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று நான் வீடு வீடாகப் போனேன். இந்த முறை "மற்றவை வந்தால்" என்றுகூட எவரும் சொல்லவில்லை. அவர்களின் முகாம் வாசலில் நானும் செல்லம்மாவும்தான் நின்றோம். நீங்கள் வரவில்லை. உங்கள் உடலும் வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, ஒருவர் வெளிக்கிட மற்றவர் வெளிக்கிட்டு, ஊரே மழையில் தென்மராட்சிக்கு நடந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் காய்ச்சல் கண்டு செல்லம்மாவும் போய்விட்டார்.

போன மாதம் ஒரு கலியாணப் பந்தியில் மனேச்சரைக் கண்டேன். நன்றாகத் தளர்ந்துவிட்டார். உங்கள் பேச்சு வந்தது.

"அவ தங்கமான மனுசி. அந்த நேரம் ஆர்தான் என்ன செய்யிறது?"

பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்திலிருந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள், நானும் ஆட்டுவேன் என்று. நான் ஆட்டவில்லை. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. பாயசம் வந்தது, கதை வேறெங்கோ போனது.

உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஆடாத தலை மட்டும்தான், அக்கா. அதைப் பார்த்து ஒருவரும் மாறவில்லை.