நிற்காமல் ஓடும் மெஷின்

ஜூன் 3, செவ்வாய்

ஆழ்ந்த வருத்தத்துடன் வீட்டார் அனைவருக்கும் தெரிவிப்பது: நம் சாப்பாட்டு மேசை இன்று காலை இயற்கை எய்தியது. அன்னாரின் மேல் இப்போது, உள்ளறையிலிருந்து குடிபெயர்ந்த ஒரு கணினி, ஒரு ஹெட்செட், நாலு ஒயர், அம்மாவின் முழங்கைகள் ஆகியவை வீற்றிருக்கின்றன. அக்காவும் நானும் இனி மடியில்தான் தட்டு.

துணி துவைக்கும் மெஷின் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புகார் கேட்கும் வேலை அம்மாவுக்கு. ஆறு மணியோடு முடியணும். சாயங்கால ஆள் நின்றுவிட்டார். "புது ஆள் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று தானாகப் போய்த் தலையைக் கொடுத்தாள். புது ஆள் வந்தபாடில்லை. இவள் தலையை எடுத்தபாடுமில்லை.

ஜூன் 5, வியாழன்

எவன் வீட்டு மெஷின் இருமினாலும் "கவலைப்படாதீங்க சார், நான் இருக்கேன்". நான் பேசினால் "ம்". இலக்கணப்படி அது அரை மாத்திரை. தலைவலிக்காரனுக்குக்கூட முழு மாத்திரை கொடுப்பார்கள்.

ஜூன் 6, வெள்ளி

அப்படி என்னதான் சொல்லணும் உனக்கு என்று அக்கா கேட்டாள். பெரிசா ஒண்ணுமில்லை. அதுதான் கடுப்பே. பெரிசா இருந்தா நிறுத்திக் கேட்பாளே.

ஜூன் 7, சனி

இன்று என் வாழ்நாள் சாதனை.

ஒட்டடைக்குச்சியிடம் (என் வகுப்பு, என் சிநேகிதன், ஆறடி உயரம், அரையடி அகலம்) அவன் பழைய போனைக் கடன் வாங்கினேன். மொட்டைமாடிக்குப் போய், வாயில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, தாத்தா குரலில் கம்பெனி எண்ணுக்கு அடித்தேன். சாயங்காலம் எடுக்க அம்மாவை விட்டால் ஆளே கிடையாது.

ரொம்ப வருஷத்து மெஷின் என்றேன். நல்லாத்தான் இருந்தது, இப்போது காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை நிற்பதில்லை, பக்கத்தில் போனால் உறுமுகிறது.

தேன் ஒழுகும் குரலில் அம்மா சொன்னாள்: "அப்படி ஓட விடக்கூடாது சார். எந்த மோட்டாரும் தாங்காது. நடுவுல நிறுத்தி, மூடியைத் திறந்து காத்துப்பட விடுங்க."

"நிக்க மாட்டேங்குதேம்மா."

"சுவிட்ச் உங்க கையிலதானே சார் இருக்கு?"

என் கையில் இருந்தால் நான் ஏன் வாயில் துணியோடு மொட்டைமாடியில் நிற்கிறேன்?

கடைசியில், சேவை எப்படி, மோசம் என்றால் ஒன்று, பிரமாதம் என்றால் ஐந்து, அழுத்துங்கள் என்றது பதிவுக் குரல். ஒன்று. சும்மா, ஒரு குறும்புக்கு. பெற்ற தாய்க்கே பிள்ளையின் குரல் தெரியவில்லை! நாடக உலகம் என்னைத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

செத்தேன்.

ஒன்று வாங்கினால், அதே ஆள் திரும்பக் கூப்பிட்டு சமாதானம் செய்யணுமாம். மேலதிகாரி கூடவே கேட்டுக்கொண்டிருப்பாராம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்கு இதுதான் முதல் ஒன்று. காலையிலிருந்து சாப்பிடவில்லை. "அந்தப் பெரியவர்கிட்ட நான் என்ன தப்பாச் சொன்னேன்?" என்று அக்காவிடம் கேட்டு மூக்கை உறிஞ்சினாள். சொல்லித் தொலைடா என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அப்போது என் பாக்கெட்டில் நாய் குரைத்தது. ஒட்டடைக்குச்சி வைத்திருந்த ரிங்டோன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மேசை. பதறி அமுக்கினதில் போன் எடுத்துக்கொண்டது.

காதிலும் சுவரிலும் ஒரே மூச்சு. மேலதிகாரி கேட்கிறாரே, "டேய்" என்று கத்தவும் முடியாது அவளால்.

"சார்... உங்க மெஷின் இப்ப எப்படி இருக்கு?"

தாத்தா குரல் வரவில்லை. என் குரல்தான் வந்தது, அதுவும் உடைந்து. "நல்ல மெஷின்தான். மாத்தி எல்லாம் தர வேணாம். கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சாப் போதும்."

"ஆறு மணிக்கு ஆள் நேர்ல வருவாங்க. வீட்ல இருப்பீங்களா சார்?"

"இருப்பேன்."

ஆறு மணிக்குக் குளியலறைக் கதவு தட்டப்பட்டது. முதலில் காதுக்குத் திருகல். அப்புறம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஆறு மணிக்குமேல் முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மேலதிகாரி "சரி, வேற ஆள் போட்டுக்கறேன்" என்றாராம். அவ்வளவுதான்! கேட்ட உடனே! இத்தனை நாளாக வாயில் என்ன வைத்திருந்தாள்?

"எனக்கு இந்த வேலை பிடிக்கும்டா, அதான்" என்கிறாள். பிடிக்கட்டுமே. ஆறு மணிவரை பிடிக்கட்டும்.

ஜூன் 18, புதன்

ஆறடித்தால் ஹெட்செட்டைக் கழற்றி, என் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லு" என்கிறாள். சொல்ல ஒரு விஷயமும் அகப்பட மாட்டேன் என்கிறது. இன்று பள்ளிக்கூடத்துக் குழாய் ஒழுகியதைச் சொன்னேன். எந்தக் குழாய் என்று கேட்டாள்.

ஒன்று எழுதிவிடுகிறேன், அக்கா இதைத் திருடிப் படிக்காமல் இருக்க வேண்டும். ஒன்று வாங்கினால் திரும்பக் கூப்பிடணும் என்ற விதி எனக்குத் தெரியும். கூட வேலை பார்ப்பவர்கள் மாட்டியதைச் சொல்லி அம்மா எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாள். சனிக்கிழமை தெரிந்தேதான் அழுத்தினேன். ஞாயிறு முழுக்க அந்த போனை சார்ஜ் போட்டு, பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு, கூப்பிடுவாளா கூப்பிடுவாளா என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.