யாருக்கும் வேண்டாத நாலாயிரத்து நாற்பது

பண்டமாரான்,
11.9.1988

அன்பு மகள் சீதாலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி மாணிக்கமும் மாரியாத்தா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும்தான் குறை, அதுவும் அவர் தைலம் தடவ மறக்கிற நாளில்தான் வருகிறது. சரவாக்கில் நீயும் நலம் என்று உன் கடிதம் சொல்கிறது, ஆனால் நீ காய்ச்சலில் படுத்திருந்தாலும் நலம் என்றுதான் எழுதுவாய் என்பது எனக்குத் தெரியும், ஆகவே நேரத்துக்குச் சோறு சாப்பிடு, மேகியைக் கிளறிவிட்டு இரவுச் சாப்பாடு முடிந்தது என்று சொல்லாதே. நீ காத்திருக்கிற செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்கியாகிவிட்டது, வியாழக்கிழமை கப்பலும் ஏறிவிட்டது. டீசல் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும், நீ கேட்டபடியே. வாங்கிய கதையை மாணிக்கம் போனில் சொல்லியிருப்பான், அவன் சொன்னால் அம்மாவைக் கேலி செய்கிற பகுதி மட்டும்தான் இருக்கும், அதனால் முழுவதையும் நானே எழுதுகிறேன்.

போன மாதம் வந்த உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மீன்பிடிக் கம்பத்து ஊர்களுக்கு ரோடு கிடையாது, கடல் வற்றுகிற நேரத்தில் மணல்தான் ரோடு என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். ஆனால் கிளினிக்கின் பழைய பெட்ரோல் ஜீப்பில் ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் அலை தெறித்து இன்ஜின் நின்றுபோனதையும், தண்ணீர் சக்கரத்துக்கு மேல் ஏறியதையும், மீன்பிடிக்கிறவர்கள் ஓடி வந்து தள்ளிக்கொண்டிருக்கும்போதே பின் சீட்டில் நீ பிரசவம் பார்த்ததையும் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டது போல நாலு வரியில் எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்த் தன் லோரியைக் கழுவினார், அன்று காலையில்தான் அதைக் கழுவியிருந்தார். நவம்பர் காற்று தொடங்குவதற்குள் எனக்கென்று சொந்தமாக ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி வேண்டும், கவர்மெண்டில் லோன் கிடைக்கிறது, அங்கே நல்லது இல்லை, கிள்ளானில் பார்த்து அனுப்புங்கள் என்று நீ கேட்டதும் அவர் அந்த வாரமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாயே, அதைத்தான் அவர் காப்பிக் கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து பார்க்கணும், சூடாக இருந்தால் கோளாறு தெரியாது, கடலோரத்துக்கு டீசல்தான் நல்லது, நனைந்து கெடுவதற்குப் பிளக்கு கிடையாது, மீன்பிடிக் கம்பத்தில் எது இல்லாவிட்டாலும் மோட்டார் போட்டுக்கு ஊற்றுகிற டீசல் இருக்கும், எல்லாவற்றையும் விட அடியில் குனிந்து உப்புத் துரு இருக்கிறதா என்று பார்க்கணும் என்றெல்லாம். துறைமுகத்தில் இத்தனை வருஷம் லோரி ஓட்டுறேன், எனக்கு என் மக வண்டி பாக்கக் கத்துக் குடுக்குறா என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் போலத்தான் இருந்தது, ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் காப்பிக்கு அவரே காசு கொடுத்தார்.

கிள்ளானில் மேரு ரோட்டுப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, பழைய வண்டிகள் விற்கிறான். நானும் கூடப் போனேன். இன்ஜின் அவர் வேலை, நம்பர் என் வேலை. நான் நம்பர் கூட்டிப் பார்க்காமல் பஸ்ஸில்கூட ஏற மாட்டேன் என்று நீங்கள் அக்காளும் தம்பியும் கேலி செய்வீர்கள், செய்துகொள்ளுங்கள். அங்கே டீசலில், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இரண்டுதான் இருந்தது. ஒன்று நீல ஜீப், புதுப் பெயிண்டு, உள்ளே சீட்டெல்லாம் புது உறை, நம்பர் இருபத்திரண்டு பதினொன்று, கூட்டினால் சுக்கிரனுக்குரிய ஆறு. வெள்ளிக்கிழமை விடிந்தது போல இருந்தது எனக்கு. இன்னொன்று கொட்டகையின் கடைசியில் தூசி படிந்து நின்ற டொயோட்டா லேண்ட் குரூசர், பச்சை நிறம், வெயிலில் வெளுத்திருந்தது. நம்பர் நாலாயிரத்து நாற்பது. நாலும் நாலும் எட்டு. சனிக்குரிய எட்டு. நான் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. தவுக்கே சிரித்துக்கொண்டே, அக்கா, காடி பாகுஸ் லா, நல்ல வண்டி, ரெண்டு நாலு இருக்கு, நாலுன்னா சாவு, சீனனுக்கு வேண்டாம், கூட்டினா எட்டு தமிழனுக்கும் வேண்டாம், யாருமே எடுக்கல என்று சொன்னான். அவன் வியாபாரப் பேச்சுப் பேசுகிறான் என்று நினைத்தேன்.

நான் நீலத்துக்குத் தலையாட்டியதும் உன் அப்பாவும் அவசரப்பட்டுவிட்டார். சாவியைத் திருப்பின உடனே அது பூனைக்குட்டி மாதிரி ஓடியது, ஆகா என்றார். பானெட் சூடாக இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நீ எழுதியது இரண்டு பேருக்கும் மறந்துபோனது. முன்பணம் கொடுக்கப் போகும்போது நான்தான் இரு என்று நிறுத்தி, பணம் கை மாறுவதற்கு முன்னால் சக்கரத்தில் பழம் வைத்து ஒரு அடி நகர்த்தியாக வேண்டும் என்றேன். தவுக்கே நம் ஆட்களிடம் எத்தனையோ வண்டி விற்றவன், ஒன்றும் கேட்கவில்லை, போய்த் துடைப்பத்தை எடுத்து வந்து ஓரமாக நின்றான். முன் சக்கரம் இரண்டுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பின் சக்கரத்துக்கு வைக்கும்போது ஒரு பழம் கை தவறி வண்டிக்கு அடியில் உருண்டு நடுவில் போய் நின்றுவிட்டது. பழத்தைத் தரையில் விட்டுவிட்டு வருவது நல்லதில்லை என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் அடியில் நுழைந்தேன். மாணிக்கம் கேலி செய்வது இந்த இடத்தைத்தான். எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்கு மேலே இருந்த இரும்பைப் பிடித்தேன். கை முழுக்கக் கறுப்புத் தார், இன்னும் காயவில்லை. பிடித்த இடத்தில் இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கி என் தலையில் உதிர்ந்தது, அதோடு மணலும் கொட்டியது.

நான் போட்ட கூப்பாட்டில் உன் அப்பா முழங்கால் வலியை மறந்து அடியில் வந்துவிட்டார். திருப்புளியை வைத்து ஒரு குத்துத்தான், சேசிஸில் பாதி வரைக்கும் உள்ளே போய்விட்டது. கிழக்குக் கடற்கரையில் யாரோ தண்ணீரில் விட்டு ஓட்டி, ஒரு நாள்கூடக் கழுவாமல் வைத்திருந்த வண்டி அது. மேலே பெயிண்டு, கீழே தார். பானெட்டை அப்போதுதான் தொட்டுப் பார்த்தார், நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருந்திருக்கிறார்கள். தவுக்கே எனக்குத் தெரியாது, அப்படியே வாங்கினேன் என்று சொன்னான், அது அவனுக்கும் அவன் சாமிக்கும் வெளிச்சம். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வண்டியில் நீ உட்கார்ந்திருக்கிறாய், பின்னால் ஒரு பிள்ளைத்தாச்சி, கடல் ஏறி வருகிறது, அடியில் இரும்பு ஒடிகிறது என்று கண்முன்னே வந்துவிட்டது. ஆறு என்கிற நம்பரைப் பார்த்து நானே உன்னை அதில் ஏற்றியிருப்பேன்.

அப்பா நேராகப் பச்சை வண்டியிடம் போனார். நான் பின்னாலேயே போய், வேண்டாங்க, எட்டு என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், எட்டாந்தேதி பொறந்த புள்ளையப் பத்தித்தான் நீ பண்டமாரான் பூரா பெருமை பேசிக்கிட்டுத் திரியிற, அந்த எட்டு ஆகும், இந்த எட்டு மட்டும் ஆகாதா என்று கேட்டார். உண்மைதானே. நீ பிறந்தபோது எட்டாந்தேதி, அதுவும் பெண் என்று எத்தனை பேர் உச்சுக் கொட்டினார்கள், அவர்களில் இரண்டு பேருடைய பேரப்பிள்ளைகளுக்கு நீதான் ஊசி போட்டாய்.

அதன் பிறகு உன் அப்பா நீ எழுதியதில் ஒன்றையும் விடவில்லை. பானெட் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தரம் இருமியது, கொஞ்சம் புகை விட்டது, பிறகு சுத்தமாக ஓடியது. ஓடும்போதே எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தார், புகை குப்பென்று வரவில்லை. அடியில் தட்டிப் பார்த்தார், கணீர் என்றது. காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் ஓடிய வண்டியாம், செம்மண் பார்த்திருக்கிறதே தவிர உப்புத் தண்ணீர் பார்த்ததில்லை. கொட்டகைக்குப் பின்னால் எருமை படுக்கிற மாதிரி ஒரு சேறு இருக்கிறது, அதில் இறக்கி, சின்னக் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தாமலே ஏறி வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், உனக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த அன்று இருந்த முகம்.

துறைமுகத்தில் ஏற்றுகிற அன்று கேட்டில் காவல்காரர், இத்தனை பெரிய வண்டி யாருக்கு அண்ணே, மகனுக்கா என்று கேட்டாராம். மகளுக்கு, நர்ஸ் மிஸ்ஸியா இருக்கா, கடல்ல ஓட்டப் போறா என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு தரம் சொன்னார், மாணிக்கம் பெட்டாலிங் ஜெயா ஃபேக்டரியிலிருந்து வந்ததும் அவனிடம் ஒரு தரம். பக்கத்து வீட்டு இராஜம்மா, டாக்டருக்குப் படிக்க வைத்திருக்கலாமே, மிஸ்ஸி வேலைக்கா இத்தனை தூரம் என்று வழக்கம் போல இழுத்தாள். டாக்டர் வருகிற வரைக்கும் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே காத்திருக்காது இராஜம்மா என்று சொல்லிவிட்டேன். கல்யாணப் பேச்சையும் எடுத்தாள், அதை நான் இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை, தீபாவளிக்கு நீ வரும்போது நேரில் பேசுகிறேன்.

வண்டி வந்ததும் அவசரப்பட்டு மணலில் இறக்காதே. உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், தெரிந்ததையே மறந்த கதையை இப்போதுதான் எழுதியிருக்கிறேன். மணலுக்குப் போகும் முன் டயரில் காற்றைக் குறைத்துக்கொள், திரும்பி ரோட்டுக்கு வந்ததும் நிரப்பு. கடல் வற்றுகிற நேரம், ஏறுகிற நேரம் உன்னைவிட அங்கே உள்ள கிழவர்களுக்குத் தெரியும், கேட்டுக்கொள். ஒவ்வொரு தரமும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவு, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் கழுவு, உன் தலைக்குக் குளிக்காவிட்டாலும் பரவாயில்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு மண்வெட்டியும் இரண்டு பலகையும் அப்பா வைத்திருக்கிறார். முன் பெட்டிக்குள் அம்மன் கோயில் திருநீறும் எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டிலும் இருக்கும். அது நீல ஜீப்புக்கு அடியில் நசுங்காமல் மிஞ்சிய அந்த நாலு பழத்தில் போட்டதுதான்.

மாரியாத்தா உன் கையையும் காலையும் கண்ணையும் காத்து நிற்கட்டும். நீ தூக்கி எடுக்கிற பிள்ளைகளெல்லாம் நூறு வயது வாழட்டும், அந்தப் புண்ணியத்தில் நீயும் வாழ வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. அங்கே யாராவது நம்பர் சரியில்லை, மாற்றிக்கொள் என்று சொல்வார்கள், மாற்றாதே. நம்பர் பார்த்தே உயிரை வாங்குகிற உன் அம்மா நான் சொல்கிறேன், அப்படியே இருக்கட்டும், சேறு படிந்தால் நம்பர் பலகையை மட்டுமாவது துடைத்து வை. வலியெடுத்துக் கிடக்கிற பெண்ணின் வீட்டார் வாசலில் நின்று கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தூரத்திலேயே அந்த நாலாயிரத்து நாற்பது கண்ணில் பட்டு, இதோ மிஸ்ஸி வந்துவிட்டாள் என்று அவர்கள் உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அம்மா பவுனம்மாள்

(அப்பா கையெழுத்துப் போட மாட்டாராம், வண்டியே தன் கையெழுத்து என்கிறார்.)