பளிங்குத் தரை சுட்டது என்றேன்

அண்ணை,

உங்கள் போத்தல் என் குசினி மேசையில் நிற்கிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு, நாம் வேலை செய்த முதியோர் இல்லத்தில் உங்கள் உடுப்பு அலுமாரியைத் திறந்து இதை எனக்குத் தந்தார்கள். மூடியைக்கூட நீங்கள் திருகவில்லை. பக்தியில் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள் என்றுதான் போன வாரம் வரை என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தச் சமையலறையில் நாங்கள் நான்கு தமிழர், நீங்கள் ஒரே ஒரு சீக்கியர். ஜெர்மன் மொழியைவிட எங்கள் தமிழைத்தான் விரைவாகப் பிடித்தீர்கள். அமிர்தசரஸில், பொற்கோயிலுக்குப் பத்து நிமிட நடையில் பிறந்தவர். ஆனால் உங்கள் அகதிப் பயணப் பத்திரம் எல்லா நாட்டுக்கும் செல்லும், பிறந்த நாட்டைத் தவிர. எனக்குச் சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட் வந்த அன்று அதை வாங்கித் தடவிப் பார்த்தீர்கள்.

"தம்பி, நீ போகலாம். ஒரு போத்தல் பொற்கோயில் குளத்துத் தண்ணி கொண்டு வாறியோ? எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம் அண்ணை, கட்டாயம்," என்றேன்.

டிசம்பரில், நத்தார் விடுமுறையில் இந்தியா போனோம். மகள் பெரியபிள்ளையானதற்கு எடுக்கும் சாமத்திய வீட்டுக்குச் சென்னையில் சேலை எடுப்பதிலேயே நாளெல்லாம் போனது. "பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு ஆர் அமிர்தசரஸுக்கு அவ்வளவு தூரம் போறது?" என்றாள் மனைவி. அவள்மேல் பழி போட மாட்டேன். எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. ஜனவரியில் எங்கள் சுவிஸ் ஊரான ஊஸ்டருக்குத் திரும்பி, வீட்டுக் குழாயில் இந்தப் போத்தலை நிரப்பினேன்.

நீங்கள் கை கழுவி, தலைப்பாகையைச் சரிசெய்து, இரண்டு கையாலும் வாங்கினீர்கள். கண் கலங்கியிருந்தது.

"பளிங்குத் தரையில வெறுங்காலோட சுத்தினியோ?"

"சுத்தாமலோ அண்ணை! கால் வெந்துபோச்சு."

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் வீதி மணலில் வெந்த கால்தான் எனக்குத் தெரியும். பொய்க்கும் அதையே எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள். பிறகு, "ஓம், வெயில்," என்றீர்கள். மறுநாளும் உங்கள் ரொட்டியில் பாதியை என் தட்டில் வைத்தீர்கள்.

நீங்கள் இல்லாத இந்த ஜனவரியில்தான் அங்கே போனேன். ஒரே மூடுபனி, கோயிலின் பொன்கூட மங்கித் தெரிந்தது. தலையில் துணி கட்டி, சப்பாத்தைக் கொடுத்துவிட்டு, பளிங்கில் காலை வைத்தேன். பனிக்கட்டியை மிதித்ததுபோல் உள்ளங்கால் விறைத்தது. விரித்திருந்த பாய்க்கு ஓடிப்போய், அதிலேயே நின்றுவிட்டேன். அந்த ஊரில் பிறந்தவருக்கு குளிர்காலத் தரை தெரியாதா? அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏசியிருக்கலாமே அண்ணை. "பொய்க்காரா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அடுத்த வருடமே அங்கே ஓடியிருப்பேன். நீங்கள் மறுபடி கேட்கவே இல்லை. நான் வெட்கப்படக்கூடாது என்று உங்கள் ஊரையே விட்டுக்கொடுத்தீர்கள். அந்தப் பெருந்தன்மைமேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வெறும் போத்தல் ஒன்று கொண்டுபோயிருந்தேன். குளத்தில் கையை நனைத்தேன், போத்தலை நிரப்பவில்லை. யாருக்கு நிரப்புவது?

மேசையில் இருக்கும் குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடலாம் என்று இன்று காலை இரண்டு தடவை எடுத்தேன். முடியவில்லை. நீங்கள் இரண்டு கையாலும் வாங்கியது இதைத்தான்.