காய்ச்சல் என்று பழகிய வாய்

மாமா,

நேரில் பேசினால் எழுந்து போய்விடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். மஞ்சக்குப்பத்துப் போதை மறுவாழ்வு மையத்தில் மீன் போட மாட்டார்கள் என்றீர்கள். சிதம்பரத்தில் இருப்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்றீர்கள். இப்படி நொட்டை சொல்ல நாம் என்ன பெண் பார்க்கவா போகிறோம்?

காலையில் சிதம்பரத்துக்கு நானே போன் செய்தேன். “வீட்டுக்காரருக்கு என்னாங்க பண்ணுது?” என்று அங்கிருந்த பெண் கேட்டாள். “காய்ச்சலுங்க” என்று சொல்லிவிட்டேன். உங்கள் ஆபீசுக்குச் சொல்லிச் சொல்லி, வாயில் அதுதான் வருகிறது. “காய்ச்சலுக்கு இங்க பாக்கறதில்லீங்க” என்று வைத்துவிட்டாள்.

நம்பர் பின்பக்கம் இருக்கிறது. நீங்களே கூப்பிட்டு, குடி என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

நாளைக்கு உங்கள் ஆபீசிலிருந்து போன் வந்தால் நானும் குடி என்றுதான் சொல்வேன்.

இன்னும் இந்த வீட்டில் இருக்கும்
உங்கள் மனைவி