குட்டி ஜோடிக்கு ஆள் வேண்டும்

ஜூன் 4, ஞாயிறு

இன்றும் தோற்றேன். கையில் இரண்டு நாலு. ஒரே எண்ணில் இரண்டு சீட்டு வந்துவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது. போக்கரில் நடுவில் முதலில் மூன்று சீட்டு திறப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. அதில் ஒரு நாலு வந்தால்தான் என் ஜோடிக்கு மதிப்பு. வரவில்லை. ஆனாலும் கடைசிவரை போனேன். என் வீட்டுக்காரர் ராணி ஜோடியைக் காட்டினார். கூடவே ஒரு பெருமூச்சு — அனுதாபமாம்.

பந்தயம் பிளாஸ்டிக் வில்லைதான். தோற்றவர் காபிக் கோப்பை கழுவ வேண்டும். எங்கள் வீட்டுக் கோப்பைகளின் அடிப்பாகம் எனக்கு மனப்பாடம்.

ஜூன் 7, புதன்

மாடிவீட்டுக் கணக்கு வாத்தியாரைப் படிக்கட்டில் மடக்கினேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வாய்ப்பாடு.

"சின்ன ஜோடிக்கு மூணாவது சீட்டு எட்டு தடவைக்கு ஒரு தடவைதான் வரும். நம்ம ஆட்டத்துல பந்தயத்துக்கு வரம்பு இருக்கு. பெருசா வச்சு மிரட்டவும் முடியாது, ஒரே அடியா அள்ளவும் முடியாது. மேசையில நிறைய பேர் இருந்தாதான் கட்டும். நாலு பேருக்கு நடுவுல நீங்க ஆடறது தானம்."

ஆக, குறை என்னிடம் இல்லை. ஆள்தான் போதவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஜூன் 8, வியாழன்

ஆளுக்கு எங்கே போவது? நானும் வீட்டுக்காரரும், வாய்ப்பாடும் எதிர்வீட்டுப் பிளம்பரும்தான். பின்னறையில் ஒருத்தி இருக்கிறாளே என்று தோன்றியது. என் நாத்தனார்தான். புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்ததிலிருந்து சாப்பிட மட்டும் வெளியே வருகிறாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி கதவு. என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கதவைத் தட்டி உள்ளே போனேன். ஆறுதல் சொல்ல வந்தவள் மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சீட்டாட வர்றியா?" என்றேன். என்ன ஒரு பெருந்தன்மை எனக்கு.

ஜூன் 11, ஞாயிறு

வந்தாள். விதிகளை ஒருமுறை கேட்டுக்கொண்டாள். எல்லோரையும் மொட்டையடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, திங்கள்

நேற்று கழுவாமல் விட்ட கோப்பைகளை இன்று கழுவினேன்.

ஜூன் 25, ஞாயிறு

எனக்குப் பாடம் எடுக்கிறாள். "ரெண்டு ரெண்டு வந்தா உள்ள வாங்க அண்ணி, தப்பில்ல. மூணு சீட்டு திறந்ததும் ஒண்ணும் வரலைன்னா கீழ போட்டுடுங்க. இவ்வளவு வச்சாச்சேன்னு பின்னாடியே போகாதீங்க."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான். ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தாயிற்று. இவள் என் மூக்கைப் பார்த்தே கையில் என்ன சீட்டு என்கிறாள்.

ஜூலை 9, ஞாயிறு

என் கையில் மூன்றாம் எண் ஜோடி. நடுவில் ராஜா, ஒன்பது — மூன்று. வந்தேவிட்டது. ஏற்றினேன். நாத்தனார் ஏற்றினாள். வரம்பு முட்டும் வரை இருவரும் ஏற்றினோம். மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் ஒரு மகாராணியைப் போல என் சீட்டை விரித்தேன். நடுவில் கிடந்த ஒன்பதோடு சேர, அவள் இரண்டு ஒன்பதை மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

என் முகம் எந்தக் கோலத்துக்குப் போனதோ, பிளம்பர் முதலில் சிரித்தார். பிறகு அவள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள்.

கோப்பை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அங்க நான் சத்தமா சிரிச்சா, யாரை நினைச்சு சிரிக்கிறேன்னு கேப்பாரு அண்ணி. கேட்டுக்கிட்டே இருப்பாரு. அப்புறம் சிரிக்கறதையே விட்டுட்டேன்."

எத்தனையோ சொல்லியிருக்கலாம். "அந்தக் கோப்பையைக் கொடு" என்றேன். அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

ஜூலை 13, வியாழன்

மாமியார் போன். "நீயே எடுத்துச் சொல்லும்மா. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்படி விட்டுட்டு வருவாங்களா? மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போறேங்கறாரு."

"சரி அத்தை" என்றேன். என்ன சரி? வாய் பழகிவிட்டது.

ஜூலை 16, ஞாயிறு

ஆட்டத்தின் நடுவில் அவள் புருஷன் வந்தார். உட்காரவில்லை. "பெட்டியை எடுத்துட்டு வா" என்றார் அவளிடம். என் வீட்டுக்காரர் எழுந்தார் — நாற்காலி கொடுக்க.

எழுந்து நின்று பேசியது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. "அவ வர்றாளான்னு முதல்ல கேளுங்க."

"இது எங்க ரெண்டு பேர் விஷயம்."

"அப்ப அவளும் பேசட்டும்."

வாய்ப்பாடு தன் சீட்டைப் பரீட்சைத் தாள் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். பிறகு அவள், தலை நிமிராமல், "நான் வரலை" என்றாள்.

"சீட்டாடற வீட்டுல இருந்தா இப்படித்தான் பேச வரும்."

என் வீட்டுக்காரர் அந்த நாற்காலியை மறுபடி மேசைக்குக் கீழே தள்ளினார். "அவ சொன்னது கேட்டுச்சில்ல? வாங்க, வாசல் வரைக்கும் வர்றேன்." இத்தனை வருடத்தில் அந்த மனிதரை நான் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். அத்தனை நேரமும் என் சீட்டை மேசைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வீராங்கனையாக நின்றிருக்கிறேன். இரண்டு ஐந்து. எல்லோரும் பார்த்தாயிற்று. அவள் அழுதுகொண்டே, "புதுசா போடலாம் அண்ணி" என்றாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அவளுக்கு டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் வேலை. பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை வீடு. ஆட்டம் இன்று அங்கே. நான் மட்டும் முன்னதாகப் போனேன், வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி இரண்டைச் சுமந்துகொண்டு.

கதவில் சின்னதாக ஒரு பலகை. அதில் அவள் பெயர் மட்டும். மணியை அடித்தேன்.

"யாரது?" என்றது உள்ளேயிருந்து ஒரு வீட்டுக்காரியின் குரல்.

"நான்தான்" என்றேன். என்னவோ கூச்சமாக இருந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளி மாதிரி காத்து நின்றேன்.