அழுது முடிச்சாச்சா?

ஜூன் 12, 2025

மகள் செல்வி மணலில் குனிந்திருந்த நேரம் பார்த்து பள்ளிக்கூடத்திலிருந்து நழுவப் பார்த்தேன். ஜாஹிரா டீச்சர் வாசலில் மறித்தார்கள்.

"சொல்லிட்டுப் போங்க. இல்லேன்னா நாள் பூரா வாசலையேதான் பாத்துட்டு இருப்பா."

சொன்னேன். கத்தி அழுதாள். டீச்சர் "அழாதே" என்று சொல்லவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். வீடு வரும்வரை சாரல். குடையை விரிக்கத் தோன்றவில்லை.

ஜூன் 13

மறுபடியும் அதேதான்.

ஜூன் 27

அழுகை குறைந்திருக்கிறது. டீச்சர் கேட்பது ஒன்றுதான்: "அழுது முடிச்சாச்சா?" இல்லையென்றால் காத்திருக்கிறார்கள். முடித்தவர்கள் ஜன்னலில் நின்று எங்களுக்குக் கை காட்டலாம். எத்தனையோ படித்திருக்கிறேன் — அழுகைக்கு ஒரு முடிவு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஜூலை 9

என் வீட்டுக்காரர் மகாராஜா, பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார். (இந்த டைரியில் மட்டும்தான் அவர் பெயரைச் சொல்கிறேன்.) வந்ததும் மகளின் பையைக் கவிழ்த்தார். இலைகள் ஒட்டிய தாள், ஒரு கூழாங்கல்.

"ஏட்டி, இத்தன நாளா என்னத்தப் படிச்சா?"

"வெளையாடுதா. வரிசையில நிக்கா. வேணுங்கிறதக் கேட்டு வாங்குதா."

"இதுக்கு ஃபீஸ் வேறயா? முப்பிடாதி அண்ணன் மவன் ஏபிசிடி முழுசும் எழுதுதான்."

லீவு முடிவதற்குள் இலஞ்சிப் பள்ளியை விட்டுத் தென்காசியில் வேறு பள்ளிக்கு மாற்றிவிட வேண்டுமாம். தாளையும் கல்லையும் திரும்பப் பையில் எடுத்து வைத்தேன்.

ஜூலை 13

ஐந்தருவி. நல்ல கூட்டம். வரிசையின் இடையில் புகுந்த ஒருவரிடம் செல்வி, "மாமா, நாங்க நிக்கோம்லா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்.

"இவள போலீசாக்கிரலாம்" என்றார் மகாராஜா. பெருமையா, கிண்டலா?

ஜூலை 21

தென்காசிப் பள்ளியில் பேசிவிட்டார். இடம் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 2

நாளை மாலை ரயில். அவள் தூங்கும்போது கிளம்புவதுதான் அவர் வழக்கம். போன தடவை விழித்ததும் கட்டிலுக்கடியில் தேடினாள், பீரோவைத் திறந்து பார்த்தாள். பிறகு பல நாள் தூங்கவே பயந்தாள். எல்லையில் நிற்கிற மனிதரிடம் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று மறைத்திருந்தேன். இன்று சொல்லிவிட்டேன்.

"நாளைக்குச் சொல்லிட்டுப் போங்க."

"அழுவா, ஏட்டி."

"அழட்டும்."

"அத என்னாலதான் பாக்க முடியாது" என்றார்.

ஆகஸ்ட் 3

"அப்பா கெளம்புதேன், மக்கா."

"நான் தூங்குனப்புறமா?"

அவர் முகம் மாறியது. "இல்ல. இப்ப."

செல்வி யோசித்தாள். "நான் அழுவேன். அப்புறம் முடிச்சிருவேன். ஜன்னல்ல நிப்பேன், பாரு."

அழுதாள். அவர் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெளியே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

முடித்ததும் அவளே எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தெருமுனை வரை ஆட்டோவுக்கு வெளியே ஒரு கை தெரிந்தது.

ராஜபாளையம் தாண்டியதும் போன் செய்தார். "இலஞ்சியிலயே படிக்கட்டும்" — அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் போனதற்கு அழுததில்லை. செல்வி வந்து குனிந்து பார்த்தாள்.

"அம்மா, அழுது முடிச்சாச்சா?"

"இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.