பூமாலை கழற்றாத மாவு இயந்திரம்

அனுப்புநர்:
சந்திரகலா த/பெ நாகையா,
தரக் கட்டுப்பாட்டு அலுவலர்,
கன்னல் முறுக்குத் தொழிற்சாலை, கிள்ளான்.
(வீடு: சுங்கை வே)

பெறுநர்:
தொழிலிடப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
கிள்ளான்.

பொருள்: மூடி இல்லாத மாவு பிசையும் இயந்திரம் நாளை மீண்டும் ஓடுவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆயுத பூஜைக்காகக் கழற்றிய மூடியைத் திரும்பப் பொருத்துவது யாருடைய வேலை? பொட்டு வைக்க, மாலை போட, கற்பூரம் காட்ட, சுண்டல் கொடுக்க எங்கள் தொழிற்சாலையில் ஆள் உண்டு. இதற்கு மட்டும் இல்லை.

2. மாவுத் தொட்டியின் மேல் ஒரு கம்பி மூடி இருக்கும். அது திறந்திருந்தால் இயந்திரம் ஓடாது. இம்மாதம் முதல் தேதி, பூஜையன்று, அதைக் கழற்றிவிட்டு இயந்திரத்துக்குச் சாமந்தி மாலை போட்டோம். மாலை தொங்கும்வரை மூடியைப் பொருத்த இடமில்லை. தீபாவளி ஆர்டர்கள் குவிந்திருந்ததால், மறுநாள், மூடி இருப்பதாக இயந்திரம் எடுத்துக்கொள்ளும்படி அதன் சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டி ஓட்டினார்கள்.

3. மாலையைக் கழற்றும்படி மேற்பார்வையாளர் திரு. சபாபதியிடம் வியாழக்கிழமை சொன்னேன். "போட்டு ஒரு நாள்கூட ஆகலையேக்கா" என்றார். மறுநாள், "வெள்ளிக்கிழம சாமி மாலைய யாராச்சும் கழட்டுவாங்களா?" என்றார். அடுத்த நாள், "இன்னிக்கு சனி, வேணாம்லா. திங்கக்கிழம நானே எடுத்துடுறேன்" என்றார். ஞாயிறு விடுமுறை. அவர் பொய் சொல்லவில்லை. திங்களன்று பதினோரு மணிக்கு ஏணி கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

4. அன்று காலை 10.20க்குக் காய்ந்த சாமந்தி ஒன்று மாவில் உதிர்ந்தது. இயந்திரத்தை இயக்கிய தாமரை அதை எடுக்கக் கையை விட்டார். வலக்கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. வயது முப்பத்து நான்கு. மருத்துவமனையில் அவர் என்னிடம் முதலில் கேட்டது: "அந்த மாவ கொட்டிட்டாங்களாக்கா?"

5. மூடி இருந்தது என்றும் தாமரையே அதைத் திறந்தார் என்றும் நிர்வாகம் தங்களுக்கு அறிக்கை அனுப்பியுள்ளது. அதற்கு ஆதாரமாகக் காட்டுவது தினசரிச் சரிபார்ப்புத் தாள். அதில் 'மூடி உள்ளது' என்ற கட்டத்தில் நான்கு நாளும் குறியிட்டுக் கையொப்பமிட்டவள் நான். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். மூடி இல்லை என்பது எனக்குத் தெரியும். மேசையில் உட்கார்ந்தபடியே மேலிருந்து கீழாக எல்லாக் கட்டங்களிலும் குறி போடும் பழக்கம் பதினாறு வருடமாக இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், சமாதானம் சொல்லவில்லை. அந்த நான்கு குறிகளும் பொய். நகல் இணைத்துள்ளேன்.

6. கழற்றி வைத்த மூடியின் மேல் மாவு மூட்டைகளை அடுக்கியதில் அது வளைந்துவிட்டது. புதியது தீபாவளிக்குப் பிறகுதான் வருமாம். ஆனால் நாளை காலை எட்டு மணிக்குத் தாமரையின் இடத்தில் பிலோமினா என்பவர் நிற்கப் போகிறார்.

ஆகவே, புது மூடி பொருத்தப்படும்வரை இயந்திரத்தை நிறுத்திவைக்க ஆணையிடுமாறும், தாமரை மீது சுமத்தப்பட்ட தவற்றை நீக்குமாறும், இனி பூஜை முடிந்ததும் மூடியைப் பொருத்தும் பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படைக்கச் செய்யுமாறும் வேண்டுகிறேன். என் கையொப்பத்துக்கு உரிய நடவடிக்கையை ஏற்கிறேன்.

இடம்: கிள்ளான்
நாள்: 9.10.2025

இப்படிக்கு,
நா. சந்திரகலா

மனுவுடன் சேர்க்க வேண்டிய குறிப்பு, 10.10.2025:

நேற்று அலுவலகம் மூடும் நேரத்தில்தான் மனுவைக் கொடுத்தேன். காலை எட்டு மணிக்குள் யாரும் வந்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். இயந்திரம் எட்டு மணிக்கே ஓடியது. மாலை இல்லை, மூடியும் இல்லை. சரிபார்ப்புத் தாளில் கையொப்பமிட மறுத்தேன். நிர்வாகி தாமே இட்டார். பிலோமினாவிடம் நிற்க வேண்டாம் என்றேன். "நான் நிக்கலன்னா புஷ்பவல்லிய நிறுத்துவாங்கக்கா, அவ இன்னும் புதுசு" என்றார். ஐந்து மணிவரை நின்றார். அவருக்கு எதுவும் ஆகவில்லை. தாமரைக்கும் முதல் மூன்று நாட்கள் எதுவும் ஆகவில்லை.

நா. சந்திரகலா